எலும்பு சால்னா

கடைவாய்ப் பல்லில் பொட்டு வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஆவுடையப்பன் பரோட்டா ஸ்டாலுக்கு அன்றைக்கு மொத்தம் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் பஸ் எப்போது வரும் என்று கேட்க வந்தவர்கள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த உலகம்மாள் எதிரே இருந்த தொழிற்பேட்டை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் கம்பித் தடுப்பைத் தள்ளும்போது மேலே ஒரு விளக்கு எரிந்தது. பச்சை. பச்சை. மஞ்சள். பச்சை. சிவப்பு எரிந்தால் கூடவே ஒரு மணியும் அடிக்கும். மணி அடித்தவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவான். பின்னால் நிற்கிறவர்கள், "என்ன மச்சி, பிரியாணியா? லெக் பீஸு கிடைச்சுதா?" என்று கத்துவார்கள்.

பொட்டு எள்ளளவுதான் இருக்கும். பல் டாக்டர் ஒருவர் ஒரே நாளில் முந்நூறு பேருக்கு ஒட்டிவிட்டுப் போனார். மெல்லுவதை எல்லாம் அது அளக்கும்: எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நார், எவ்வளவு புரதம். கேட்டைத் தாண்டும்போது கடைசியாகத் தின்றதன் லட்சணத்தை விளக்குப் போட்டுக் காட்டும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் அந்த மாதம் ஓவர்டைம் கிடையாது. ஓவர்டைம் இல்லாத சம்பளத்தில் ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. ஆட்கள் நோயில் விழுந்தால் செலவு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. அதனால் இந்த ஏற்பாடு.

முதலில் வலது பக்கப் பல்லில் மட்டும்தான் ஒட்டினார்கள். ஒரே வாரத்தில் தொழிற்பேட்டை முழுக்க இடது பக்கம் மெல்லப் பழகிவிட்டது. பேசும்போதுகூட வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது. பிறகு இடது பக்கமும் ஒட்டினார்கள்.

சரி, நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? ஆலைக்குள் கேன்டீனில் 'பச்சைப் பெட்டி' என்று ஒன்று விற்றார்கள். நூற்று நாற்பது ரூபாய். வாங்க இருபத்தைந்து நிமிடம் வரிசையில் நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரமே அரை மணிதான். விடுதியில் சமைக்கலாம் என்றால், அறைக்கு எட்டுப் பேர், அடுப்பு வைத்தால் அபராதம். கெட்டதைத் தின்கிறவனைத் தண்டிக்க இவ்வளவு மூளையைச் செலவழித்தவர்கள், நல்லதை ஐம்பது ரூபாய்க்கு விற்பது எப்படி என்று ஐந்து நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஆட்கள் பிஸ்கட்டும் பழமும் தின்று நாளைக் கடத்தினார்கள். பரோட்டா ஸ்டால் காற்று வாங்கியது.

"ஏட்டி உலகு, எட்டுப் பரோட்டா மிஞ்சிருக்கு," என்றான் ஆவுடையப்பன் கல்லுக்குப் பின்னாலிருந்து. ஐம்பது வயது, உருண்டைத் தோள்கள். மாவு வீசுகிறபோது மட்டும் முகத்தில் ஒரு ராஜ களை வரும். அந்தக் களையைப் பார்த்து இரண்டு மாதமாகிவிட்டது.

"நாய்க்குப் போடுங்க."

"நாய்க்கும் பொட்டு வச்சிருப்பானுவளோ என்னமோ. அதுவும் வர மாட்டேங்கு."

இன்னும் ஐந்து வாரத்தில் ஸ்டால் லைசென்சைப் புதுப்பிக்க வேண்டும். முடியாவிட்டால் சாமானைக் கட்டிக்கொண்டு ஆலங்குளத்துக்குப் போய் உலகம்மாளின் தம்பி ஓட்டலில் வேலைக்கு நிற்க வேண்டும். மச்சினனிடம் சம்பளம் வாங்குவதைவிட லாரி முன்னால் படுத்துவிடலாம் என்று ஆவுடையப்பன் சொல்லியிருந்தான். ஒரு தடவை அல்ல, தினமும்.

உலகம்மாளுக்கு அதைவிடப் பெரிய ஒரு கவலை இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

பரோட்டாக் கடையில் பரோட்டாவுக்குத்தான் காசு. சால்னாவுக்குக் காசு கிடையாது. கேட்கக் கேட்க ஊற்ற வேண்டும். இது எழுதாத சட்டம். இரண்டு பரோட்டாவை வாங்கிக்கொண்டு அதை ஏழு கரண்டி சால்னாவில் முக்கிக் குளிப்பாட்டித் தின்று, இலையில் தேங்கியதை வழித்துக் குடித்துவிட்டு, "கொஞ்சம் சால்னா" என்று எட்டாவது தடவை கேட்கிறவன்தான் இங்கே நல்ல கஸ்டமர். ஆவுடையப்பன் ஒவ்வொருவரிடமும் மார்தட்டிச் சொல்லுவான்: "எலும்பு சால்னா அண்ணாச்சி! நாலு கோழி எலும்பு, அரைமூடித் தேங்கா இல்ல, ஆறு தேங்கா. நாலு விரக்கடை ஒசரத்துக்கு எண்ணெய் மெதக்கும்."

நான்கு வருடத்துக்கு முன்பு வரை அது உண்மை. அப்புறம் தேங்காய் விலை ஏறியது. கோழி எலும்பைக்கூட எடை போட்டு விற்க ஆரம்பித்தார்கள். இலவசமாக ஊற்றுகிற ஒன்றுக்கு எவ்வளவுதான் கொட்டுவது? ஸ்டாலுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் சால்னா வைப்பது உலகம்மாள் வேலை. ஆவுடையப்பன் அங்கே எட்டிப் பார்க்க மாட்டான். அவள் முதலில் ஒரு தேங்காயைக் குறைத்தாள். அந்த இடத்தில் வேகவைத்த கொள்ளை அரைத்து விட்டாள். சந்தை முடிகிற நேரத்தில் சுரைக்காயைச் சும்மா கொடுக்காத குறையாகத் தள்ளிவிடுவார்கள். அதை வேகவைத்து மசித்தாள். பிறகு பூசணி. பிறகு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, காய வைத்துப் பொடித்து, மல்லித்தூளோடு. எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கி, மேலே ஊற்றும் ஒரு கரண்டி தாளிப்பில் வந்து நின்றது. பட்டையும் சோம்பும் மட்டும் குறைக்கவில்லை. வாசத்துக்கு ஒரே ஒரு கரண்டி எலும்புச் சாறு. அவ்வளவுதான். நான்கு வருடமாக ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. ஆவுடையப்பனும் கண்டுபிடிக்கவில்லை. இன்னும் ஆறு தேங்காய் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு இதில் கருணையோ, மக்களின் ஆரோக்கியமோ ஒன்றும் கிடையாது. கட்டுப்படியாகவில்லை, குறைத்தாள்.

அன்றைக்கு வந்த ஒன்பதாவது ஆள் கஸ்தூரி. கார் சீட் தைக்கிற ஆலையில் வேலை, சொந்த ஊர் செய்யாறு பக்கம். முன்பெல்லாம் தினமும் வருவாள்.

"அக்கா, ரெண்டு பரோட்டா போடு."

"பொட்டு?"

"நாசமாப் போகட்டும். இந்த மாசம் இன்னும் ஒரு சிவப்பும் விழல. ஒண்ணு விழுந்தா விழட்டும். அந்த டப்பாவுல நாலு இலையும் ரெண்டு கொட்டையும் வச்சு நூத்தி நாப்பது வாங்குறான். ஆடு தின்னா அது பாட்டுக்குத் தின்னும். நான் மனுஷிக்கா."

"குடிக்கக் கலர் சோடா வேணுமா?"

"கலருக்குக் காசு இல்ல. சால்னா ஊத்து."

ஒன்பது கரண்டி ஊற்றிக்கொண்டு தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, காரம். கை கழுவிவிட்டு, பலியாடு மாதிரி கேட்டுக்குப் போனாள். உலகம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கஸ்தூரி கம்பியைத் தள்ளினாள்.

பச்சை.

கஸ்தூரி நின்று மேலே பார்த்தாள். திரும்பி ஸ்டாலைப் பார்த்தாள். பின்னாலிருந்தவன் தள்ளியதும்தான் உள்ளே போனாள்.

மறுநாள் இரண்டு தோழிகளோடு வந்தாள். மூன்று பேரும் பச்சை. அதற்கு மறுநாள் பதினொரு பேர். பத்துப் பச்சை, ஒரு சிவப்பு. சிவப்பு விழுந்தவன் கோபமாகத் திரும்பி வந்தபோது கஸ்தூரியே அவனை விசாரித்தாள்.

"என்ன தின்ன?"

"நாலு பரோட்டா, சால்னா, ஒரு கலர்."

"அதான். கலருதான்டா சிவப்பு. பொட்டுக்குப் பேரெல்லாம் தெரியாது, சக்கரையும் எண்ணெயும்தான் தெரியும். இத்தனை நாள் எல்லாரும் பரோட்டாவோட கலர் குடிச்சுட்டு, பரோட்டா மேல பழி போட்டிருக்கோம்."

"அப்ப பரோட்டா நல்லதா?"

"நல்லதோ கெட்டதோ, பச்சை எரியுது. தின்னுட்டுப் போ."

ஒரே வாரம். ஒன்றே கால் மணிக்கு ஸ்டால் முன்னால் வரிசை பஸ் ஸ்டாப் வரைக்கும் நின்றது. ஆவுடையப்பன் கையில் மாவு மறுபடி விசிறியாக விரிந்தது. ராஜ களை திரும்பிவிட்டது.

"எங்க குலசாமி கண்ணத் தொறந்துட்டாரு!" என்றான் வரிசையைப் பார்த்து. "ஆறு தேங்கா, நாலு கோழி எலும்பு! இருந்தும் பச்சை! பொட்டே பயப்படுது நம்ம சால்னாவப் பாத்து!"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்றாள் உலகம்மாள்.

"ஏன் மெதுவாப் பேசணும்? களவாண்டா விக்கோம்?"

குலசாமி அல்ல, சுரைக்காய் என்று அவளுக்குத் தெரியும். யாராவது ஒருவன் காரணத்தைத் தேடி வருவான் என்றும் தெரியும்.

பன்னிரண்டாவது நாள் வந்தான். பெயர் ரகோத்தமன், பொட்டுக் கம்பெனி பரிசோதகன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சின்னச் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. கூடவே தொழிற்பேட்டை ஆபீஸ் ஆள் ஒருவன், பூட்டும் சீல் அரக்கும் வைத்துக்கொண்டு. வரிசை முழுக்க நிற்கிற நேரம் பார்த்து வந்தார்கள்.

"சார், நாலாவது கேட்டுல மட்டும் பச்சை திடீர்னு எண்பது சதவீதம் கூடியிருக்கு. எல்லாம் உங்க கடையில சாப்பிட்டவங்க."

"சந்தோஷம். உக்காருங்க, ஒரு செட்டு போடவா?"

"உங்க சால்னாவுல என்ன இருக்கு?"

ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். "நாலு கோழி எலும்பு. ஆறு தேங்கா. நாலு விரக்கடை எண்ணெய்."

ரகோத்தமன் பெருமூச்சு விட்டான். "அதான் சார் பிரச்சினை. நீங்க சொல்றது நிஜம்னா பொட்டு சிவப்பு காட்டியே ஆகணும். காட்டல. போன மாசம் இன்னொரு ஊர்ல ஒரு பிரியாணிக் கடையில பிடிச்சோம். பொட்டு மேல படலமா ஒட்டிக்கிற பவுடரைக் கலந்திருந்தான். பொட்டுக்குக் கண்ணைக் கட்டுற மாதிரி. நாலு பேர் ஆஸ்பத்திரியில. இப்ப அவன் உள்ள இருக்கான்."

"நான் பவுடர் கலக்கேனா?" ஆவுடையப்பன் கரண்டியை ஓங்கிக் கல்லில் அடித்தான். "என் சால்னாவுல எலும்பத் தவிர ஒண்ணும் கிடையாது! எழுதிக்கிடுங்க!"

"எழுதிக்கிட்டேன் சார்," என்றான் ரகோத்தமன், நிஜமாகவே எழுதியபடி. ஆபீஸ் ஆள் பூட்டைத் திறந்தான்.

உலகம்மாள் பார்த்தாள். அவன் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசிப் பேசித் தன் கழுத்துக்குத் தானே கயிறு முறுக்குகிறான். எலும்பு என்று சொல்லச் சொல்லக் குற்றம் உறுதியாகிறது. சுரைக்காய் என்று சொன்னால் கடை தப்பும். ஆனால் வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள். நூறு பேர் முன்னால் அவன் நான்கு வருடப் பெருமை இலையோடு சேர்ந்து குப்பையில் போகும். அதற்கப்புறம் எலும்புக்காக வந்தவன் எவன் வருவான்? பூட்டு கொண்டியில் நுழைவதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சுரைக்கா," என்றாள்.

"என்ன மேடம்?"

"சுரைக்கா. கொள்ளு. பூசணிக்கா. முருங்கக்கீரைப் பொடி. ஒரே ஒரு தேங்கா. வாசத்துக்கு ஒரு கரண்டி எலும்புச் சாறு. நாலு வருஷமா இதான் சால்னா. இவுகளுக்குத் தெரியாது. வேணும்னா கொட்டகையில வந்து பாருங்க, நாளைக்கு வச்சிருக்க சுரைக்கா பதினாலு கெடக்கு."

வரிசையில் எங்கோ ஒருவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். ஆவுடையப்பன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. கல்லாப் பெட்டியைத் துடைத்தாள்.

"கொள்ளா?" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. "அதான் நான் லைன்ல குதிரை மாதிரி நிக்கிறேனா?"

"உன் மூஞ்சி முன்னாடியே அப்படித்தான்டா," என்றாள் கஸ்தூரி. ஆட்கள் சிரித்தார்கள். எல்லாரும் அல்ல. முன்வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "எலும்புன்னு சொல்லிச் சுரைக்காயைக் குடிக்க வச்சிருக்கீங்களேம்மா," என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். அவரோடு இன்னும் ஆறேழு பேர்.

ரகோத்தமன் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்தான். பெட்டியைத் திறந்து ஒரு குச்சியைச் சால்னாவில் விட்டான். பெட்டி சத்தமில்லாமல் பச்சை காட்டியது. கரும்பச்சை.

"எங்க கேன்டீன் பச்சைப் பெட்டியைவிட நல்லாருக்கு," என்றான், கொஞ்சம் மனத்தாங்கலோடு. "பவுடர் எதுவும் இல்ல."

"அப்ப பூட்ட எடுங்க," என்றாள் உலகம்மாள்.

"இருங்க மேடம். கணக்கு இன்னும் இடிக்குது." அவன் ஒரு பரோட்டாவைப் பிய்த்து இன்னொரு குச்சியைச் சொருகினான். "சால்னா எவ்வளவு நல்லதா இருந்தாலும், நாலு மைதா பரோட்டாவை அது காப்பாத்தாது. மஞ்சளாவது எரியணும். ஆனா எல்லாம் சுத்தப் பச்சை."

பெட்டி யோசித்தது. பிறகு இளம்பச்சை காட்டியது.

"இது மைதா இல்ல," என்றான் ரகோத்தமன்.

இப்போது எல்லாரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். உலகம்மாளும் பார்த்தாள். ஷட்டரை இறக்கிக்கொண்டு தனியாக மாவு பிசைகிற ஆள். காற்று பட்டால் மாவு காய்ந்துவிடும் என்று இரண்டு வருடமாகச் சொல்கிற ஆள். உள்ளே பீடி குடிக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஆவுடையப்பன் கரண்டியைக் கீழே வைத்தான். "பாதிதான் மைதா," என்றான் கல்லைப் பார்த்தபடி. "மிச்சம் கோதுமை. சலிச்சு சலிச்சு நைசாக்கினது. அப்புறம், அவிச்ச வாழக்கா."

"வாழக்காயா?"

"மசிச்சுச் சேத்தா நல்லா இழுவும்."

"எதுக்கு?" என்றாள் உலகம்மாள்.

நூறு பேர் காத்திருந்தார்கள். ஷிப்டுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது, ஒருவனும் நகரவில்லை.

"சுகர்," என்றான் கடைசியில். "ரெண்டு வருஷமா இருக்கு. டாக்டர் பரோட்டாவத் தொடக் கூடாதுன்னுட்டாரு. தெனம் நாலு தின்னாம என்னால இருக்க முடியுமா? எனக்கு மட்டும் தனி மாவு பெசஞ்சா நீ கண்டுபிடிச்சிருவ. அதான் கடைக்கே சேத்து மாத்திட்டேன்."

"சுகர் எவ்வளவு இருந்துச்சு?"

"முன்னூத்தி இருவது."

"இப்ப?"

"நூத்தி நாப்பது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பரோட்டாவ நிறுத்திட்டு எனக்குச் சுரைக்காக் கூட்டு ஆக்கிப் போட்டிருப்ப!"

வரிசை வெடித்துச் சிரித்தது. ரகோத்தமன்கூடச் சிரித்துவிட்டான். ஆவுடையப்பனுக்குத் தான் சொன்னது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. நான்கு வருடமாக எதைத் தொட்டுக்கொண்டு அந்த நாலு பரோட்டாவைத் தின்றான் என்று.

"பாவி," என்றான் மனைவியைப் பார்த்து.

"நீரு மட்டும்," என்றாள் அவள்.

ஆபீஸ் ஆள் பூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான். ரகோத்தமன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு செட்டு சாப்பிட்டான். மூன்றாவது தடவை சால்னா கேட்டபோது கூச்சப்பட்டான். நான்காவது தடவை படவில்லை. போகும்போது சொன்னான்: "கம்பெனி சார்பா உங்களுக்குப் பச்சைச் சான்று வாங்கித் தரேன். போர்டு மாட்டிட்டா நீங்களும் செட்டு நூத்தி இருபதுக்கு விக்கலாம்."

"நூத்தி இருவதுக்கு வித்தா இந்த ஆளுக யாரு வருவா?" என்றாள் உலகம்மாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் ஆவுடையப்பனுக்கு மனசு ஆறவில்லை. அன்று சாமானைத் தடதடவென்று போட்டுக் கழுவினான். கடைசியில், "நாளைக்கு ஒரு நாள் நெசமான எலும்பு சால்னா வையி," என்றான். "ஆறு தேங்கா, நாலு கோழி எலும்பு. நாலு வருஷமா பொய் சொல்லியிருக்கேன். ஒரு நாளாவது சொன்னத ஊத்தணும். அந்தப் பெரியவரு திரும்பி வரட்டும்."

அவளுக்கும் நியாயமாகப் பட்டது. செலவு கண்ணைக் கட்டியது. இருந்தும் வைத்தாள். நான்கு விரக்கடை எண்ணெய் பொன்னாக மிதந்தது. கொட்டகை முழுக்கக் கோழி மணம். அவளுக்கே நாக்கு ஊறியது.

ஆவுடையப்பன் வரிசையின் முன்னால் நின்று அறிவித்தான். "இன்னிக்கு நெசம்! சத்தியமா எலும்பு!" முந்தின நாள் முணுமுணுத்துப் போன பெரியவரும் வந்திருந்தார். ஒரு வாய் தொட்டுத் தின்றார். நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு வாய்.

"என்ன ஆவுடையப்பா, இன்னிக்குச் சுரைக்கா தூக்கலா இருக்கே?"

"அண்ணாச்சி, இதுல சுரைக்காயே கிடையாது!"

"சும்மா சொல்லாதப்பா. சப்புன்னு இருக்கு. அந்தப் பழைய எலும்பு ருசி எங்க?"

கஸ்தூரி எட்டாவது கரண்டி கேட்கவில்லை. மூன்றோடு நிறுத்திவிட்டாள். "அக்கா, கோவிச்சுக்காத. உண்மைய சொன்னதுல இருந்து உனக்குக் கைப்பக்குவம் போயிடுச்சு. நேத்து வரைக்கும் கோழி மணந்துச்சு. இன்னிக்குக் காய்கறி நாத்தம்தான் வருது."

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். எழுந்து கேட்டுக்குப் போனார்கள். உலகம்மாளும் ஆவுடையப்பனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். சிவப்பு, மணி. சிவப்பு, மணி. மஞ்சள். சிவப்பு, மணி. கோயில் பூசை மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆவுடையப்பன் ஒரு கரண்டி சால்னாவை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தான். இன்னொரு தடவை நக்கினான். ஆறு தேங்காய், நான்கு கோழி எலும்பு, அத்தனையும் நாக்கில் கிடந்தது. அவன் முகம் கோணியது.

"சரியா வரலட்டி," என்றான். "நாளைக்குப் பழையபடி எலும்பு சால்னாவே வச்சிரு."

உலகம்மாள் பையை எடுத்துக்கொண்டு சுரைக்காய் வாங்கக் கிளம்பினாள்.